டீசல் பிக்கப் வம்பு: நட்பு முறியாமல் நக்கலடிப்பது எப்படி

அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் வாங்குகிறவர் வண்டியோடு ஒரு கட்சி உறுப்பினர் அட்டையையும் சேர்த்தே வாங்குகிறார். கட்சிகள் மூன்று. கம்மின்ஸ் இன்ஜின் வைத்த ராம், பவர் ஸ்ட்ரோக் வைத்த ஃபோர்டு, டுராமாக்ஸ் வைத்த செவர்லே அல்லது ஜிஎம்சி. நான் கம்மின்ஸ் கட்சி, 2006 மாடல், 5.9 லிட்டர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். லேலண்டா டாட்டாவா என்ற பஞ்சாயத்தைக் காது புளிக்கக் கேட்டு வளர்ந்தவன். டாட்டா லாரிகளுக்கு ஜாம்ஷெட்பூரில் தயாரானதும் இதே 5.9 கம்மின்ஸ் குடும்பம்தான். கொலராடோ வந்து பக்கத்து வீட்டு ராம் வண்டி ஸ்டார்ட் ஆன சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கட்சி முடிவாகிவிட்டது. இது ஒரு காரணமா என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் எவரிடமும் உருப்படியான காரணம் இருக்காது.

எங்கள் கூட்டத்தில் என்னோடு நிரந்தரமாக உரண்டை இழுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபோர்டு அண்ணாச்சி, 2002 மாடல் 7.3 வைத்திருக்கிறார். இன்னொருவர் ஜிஎம்சி மச்சான், 2018 டுராமாக்ஸ். மூன்று பேரும் கேம்பர் ட்ரெய்லரை, அதாவது தங்கிப் படுக்கும் வசதியுள்ள இழுவண்டியை, இழுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள். இத்தனை வருஷம் வாய் ஓயாமல் கலாய்த்தும் பேச்சுவார்த்தை முறியவில்லை. எப்படி என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் கேட்கிறார்கள், அதற்காகத்தான் இது.

வருஷத்தைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள்

"ஃபோர்டு டீசலா, ஹெட் கேஸ்கெட் போய்டுமே!" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர் கற்றுக்குட்டி. (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு.) ஃபோர்டு டீசல் என்று ஒரே ஒரு இன்ஜின் கிடையாது. 1994 நடுவிலிருந்து 2003 வரை வந்த 7.3 ஒரு ரகம். 2003 முதல் 2007 வரை வந்த 6.0 வேறு ரகம். அதன் பிறகு 2008 முதல் 2010 வரை 6.4. இந்த மூன்றையும் செய்து கொடுத்தது நேவிஸ்டார் நிறுவனம். 2011-லிருந்து வரும் 6.7 மட்டும்தான் ஃபோர்டே வடிவமைத்துத் தயாரிப்பது.

கேலிக்கு ஊற்று அந்த 6.0. ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆரின் கூலர் வெடிக்கும், ஹெட் கேஸ்கெட் தூக்கிக்கொள்ளும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே ஹெட் போல்ட் என்பதால் கொஞ்சம் அழுத்தம் கூட்டினாலே ஹெட் எழும்பிவிடும் என்பார்கள். பெரிய வேலை என்றால் பல மெக்கானிக்குகள் கேபினையே சேஸியிலிருந்து தூக்கிவிட்டுத்தான் இன்ஜினில் கை வைப்பார்கள். இதையெல்லாம் 6.0 வைத்திருப்பவரிடம் சொல்லலாம். 6.7 வைத்திருப்பவரிடம் சொன்னால், "அது எங்க இன்ஜினே இல்லைங்க, கோர்ட்டு வரைக்கும் போய்ட்டு வந்தாச்சு" என்று ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார். ஃபோர்டும் நேவிஸ்டாரும் வழக்காடியது உண்மை, 2009 தொடக்கத்தில் சமாதானமும் ஆகிவிட்டார்கள்.

7.3 வைத்திருக்கும் அண்ணாச்சியைப் போன்றவரிடம் ஹெட் கேஸ்கெட் பேச்சு செல்லாது. அந்த இன்ஜின் இரும்புக் குண்டு. ஆனால் அதற்கும் ஒரு சின்ன நரம்பு இருக்கிறது: கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். அது போனால் ஓடுகிற வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். விவரம் தெரிந்த 7.3காரர் ஒரு ஸ்பேர் சென்சாரையும் 10 எம்எம் ஸ்பேனரையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருப்பார். எனவே பெரிய வசனம் தேவையே இல்லை. பயணம் கிளம்பும்போது பவ்யமாக, "அண்ணாச்சி, சென்சார் எடுத்து வச்சாச்சுங்களா?" என்று கேட்டால் போதும்.

டுராமாக்ஸ்காரர்களிடம் வருஷம் கேட்டால் மூன்றெழுத்துக் குறியீடு சொல்வார்கள். அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2001 முதல் 2004 வரை எல்பி7, இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு அடியில் புதைந்திருக்கும். கசியத் தொடங்கினால் அத்தனையும் பிரித்தாக வேண்டும், அதனாலேயே ஜிஎம் அவற்றுக்கு 7 வருஷம் அல்லது 2,00,000 மைல் என்று சிறப்பு வாரண்டி நீட்டியது. அடுத்து வந்த எல்எல்ஒய் கோடையில் பாரம் இழுத்தால் சூடேறுவதற்குப் பேர் போனது. அவர் "எல்பிஇசட்" என்று சொல்லிவிட்டுப் புன்னகைத்தால், இன்ஜினை விட்டுவிடுங்கள். 2006-07-ல் வந்த அந்த இன்ஜினைக் குறை சொல்லி ஜெயித்தவர் கிடையாது. நேராக முன் சக்கரத்துக்குப் போங்கள். நான்கு சக்கர இழுவை ராமும் ஃபோர்டும் முன்னால் முழு ஆக்சில் வைத்திருக்க, ஜிஎம் மட்டும் தனித்தனி சஸ்பென்ஷன். "முன்னால காரு, பின்னால லாரி" என்பது பழைய நக்கல், ஆனால் இன்னும் வேலை செய்கிறது. முன் சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியைப் பென்சில் என்பதும் அப்படித்தான். பதிலும் ரெடியாக வரும்: "உன் வண்டியில உக்காந்து ஒரு காப்பி சிந்தாமக் குடிச்சிருக்கியாடா?" என் மச்சானின் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உங்கள் ஓட்டையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்

நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சைத் தொடங்கும்போதே என் கட்சியின் குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுவேன். 12 வால்வு கம்மின்ஸில் டைமிங் கியர் பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு முளை உண்டு. அது அதிர்வில் கழன்று கியர்களுக்குள் விழுந்தால் இன்ஜின் கதை முடிந்தது. அதற்குப் பெயரே கொலைகார முளை என்ற அர்த்தத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்து 24 வால்வு வந்தபோது 53 என்ற எண் வார்க்கப்பட்ட பிளாக்குகள் பக்கவாட்டில் விரிசல் விட்டன. அதே காலத்து விபி44 டீசல் பம்ப், டேங்கிலிருந்து டீசல் அனுப்பும் லிஃப்ட் பம்ப் சரியாக ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி வாயே திறக்க வேண்டாம். தொண்ணூறுகளின் டாட்ஜில் (ராம் அப்போது டாட்ஜ் பெயரில்தான் வந்தது) டேஷ்போர்டு வெயிலில் அப்பளமாக நொறுங்கும். "இன்ஜின் சாகாது, அதைச் சுத்தி இருக்கிற வண்டிதான் உதிர்ந்துடும்" என்பது எங்கள் கட்சிக்காரர்களே சொல்லிக்கொள்வது.

இவ்வளவையும் நீங்களே கொட்டிவிட்டால் எதிரே இருப்பவர் கையில் என்ன மிச்சம்? புதிதாக ஒன்றைத் தேடித்தான் வர வேண்டும். சோம்பேறி எதிரி அங்கேயே விழுந்துவிடுவான். உழைக்கிற எதிரி உங்கள் இன்ஜினைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்றைச் சொல்வான், அதுவும் லாபம்தான்.

எண்கள் பேசும்போது

1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் முதல் கம்மின்ஸ் வந்தபோது 160 ஹார்ஸ்பவர், 400 பவுண்டு-அடி டார்க், அதாவது முறுக்கு விசை. 2019-ல் ராம் முதன்முதலாக 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. நாங்கள் குதித்த குதி கொஞ்சமல்ல. மறு வருஷமே ஃபோர்டு 1,050 என்றது. 2023-ல் 500 ஹார்ஸ்பவர், 1,200 பவுண்டு-அடி என்று போய்விட்டது. ஆகவே கோப்பை இன்று யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். ஒரே வருஷ மாடல்களைத்தான் ஒப்பிட வேண்டும், இது எழுதாத சட்டம். ஒருவர் கம்பெனி சொன்ன இன்ஜின் எண்ணையும் மற்றவர் டைனோ என்ற சோதனை எந்திரத்தில் ஏற்றிச் சக்கரத்தில் அளந்த எண்ணையும் வைத்துச் சண்டை போடுவதும் வீண். கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தின்றது போகத்தான் சக்கரத்துக்கு வரும்.

மூன்று கட்சிக்கும் பொதுவாகச் செல்லுபடியாகும் ஓர் அடி இருக்கிறது. விளம்பரத்தில் வரும் 40,000 பவுண்டு இழுவை என்பது குறிப்பிட்ட ஒரு கேபின், ஒரு ஆக்சில், பின்தொட்டிக்குள் பொருத்தும் கூஸ்நெக் கொக்கி என்று எல்லாம் பொருந்தினால் மட்டுமே. யாராவது அந்த எண்ணை உருட்டினால், அவருடைய வண்டியின் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று படிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் வீட்டில் நிற்கும் கேம்பர் எத்தனை பவுண்டு என்று கேளுங்கள். போதும்.

மோதித்தான் பார்க்க வேண்டுமென்றால்

இரண்டு வண்டியைப் பின்னுக்குப் பின் சங்கிலியால் கட்டி இழுக்க விடாதீர்கள். அதில் ஜெயிப்பது இன்ஜின் இல்லை. எந்த வண்டி கனம், எந்த டயர் பிடிக்கிறது, யார் முதலில் ஆக்சிலேட்டரை அழுத்தினார் என்பதுதான் முடிவு செய்யும். யூ-ஜாயின்ட் போகும், டிஃபரென்ஷியல் போகும், சங்கிலி அறுந்தால் ஆளே போகலாம். இழுத்தே தீர வேண்டுமென்றால் ஸ்லெட் என்ற பாரச் சறுக்குவண்டியை இழுக்கும் போட்டிக்குப் போங்கள். அங்கே ஸ்லெட்டின் பாரம் நகர நகர முன்னால் ஏறி வண்டியை அழுத்தும், 300 அடி இழுத்தால் முழு இழுவை.

எங்களுக்குப் பிடித்தது மலைதான். ஐ-70 சாலையில் சில்வர்தோர்ன் சுமார் 9,000 அடி உயரம், ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல், நடுவே 7 சதவீத ஏற்றம். ஒரே ட்ரெய்லரை மூன்று வண்டியும் முறை வைத்து இழுக்க வேண்டும். கடிகாரம் பார்ப்பதில்லை, அது போலீஸ் விவகாரம். கூலன்ட் முள் எங்கே நிற்கிறது, விசிறி எப்போது அலறத் தொடங்குகிறது, எத்தனை கியர் இறக்கினீர்கள், இவைதான் மார்க். பக்கத்து சீட்டில் எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இறக்கம்தான் உண்மையான பரீட்சை. ஏறுவதற்கு எல்லா வண்டியும் ஏறும். பாரத்தோடு இறங்கும்போது எத்தனை தடவை பிரேக்கை மிதித்தீர்கள் என்று எண்ணுங்கள். மச்சானின் 2018-ல் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை நெருக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) உண்டு, கூடவே அலிசன் கியர்பாக்ஸ். அவன் பிரேக் பெடல் பக்கமே போகாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டு இறங்கினான். என் 2006-ல் அந்த வசதி இல்லை, அண்ணாச்சி வண்டியிலும் இல்லை. கீழே வந்து பிரேக் வாசனையோடு இறங்கிய நாங்கள் இருவரும், புது வண்டியை வைத்துக்கொண்டு பழைய வண்டியை ஜெயிப்பது ஒரு வீரமா என்று கூட்டணி அமைத்துக் கண்டன அறிக்கை விட்டோம்.

புகை விட்டு வீரம் காட்டாதீர்கள். கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் டீசல், அவ்வளவுதான். கொலராடோவில் 2017-லிருந்து வேண்டுமென்றே புகை விடுவதற்கு 100 டாலர் அபராதம். புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கழற்றுவது மத்திய சட்டப்படியே குற்றம்.

பானட் திறந்திருந்தால் வாய் மூடியிருக்க வேண்டும்

இதில் மட்டும் எங்களுக்குள் விட்டுக்கொடுத்தலே கிடையாது. ஒருவருடைய வண்டி வழியில் நின்றுவிட்டால், அது ஓடத் தொடங்கும்வரை பிராண்டு பற்றி ஒரு சொல் வரக்கூடாது. டார்ச் பிடிப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பாகம் வாங்கிவரப் போவது, இவ்வளவுதான் வேலை. வண்டி ஸ்டார்ட் ஆகி, அவர் கை கழுவிய பிறகு ஆரம்பிக்கலாம். பெரிய செலவு வைத்த ரிப்பேர் என்றால் இன்னும் கொஞ்சம் நாள் பொறுங்கள். அவரே அதைச் சொல்லிச் சிரிக்கும் நாள் வரும், அன்றுதான் உங்களுக்கு அனுமதி. இதே மாதிரி, வண்டிக்கடன் கட்டச் சிரமப்படுகிறவரிடம் வண்டி விலையைப் பேசாதீர்கள். செத்துப்போன அப்பாவின் வண்டியை ஓட்டுகிறவரிடம் வண்டியைப் பற்றியே பேசாதீர்கள்.

பேச்சு உண்மையாகவே சூடேறிவிட்டால், சத்தமில்லாமல் "சிபி4" என்று சொல்லிவிடுங்கள். அது பாஷ் கம்பெனியின் டீசல் பம்ப். உள்ளே தேய்ந்தால் இரும்புத் தூளை இன்ஜெக்டர்வரை அனுப்பி மொத்த டீசல் அமைப்பையும் கெடுத்துவிடும். 2011-லிருந்து ஃபோர்டு 6.7-ல் அது வந்தது, 2011 முதல் 2016 வரை டுராமாக்ஸிலும் அதுதான். நாங்கள் மட்டும் தப்பித்தோம் என்று கம்மின்ஸ் கட்சி இளித்துக்கொண்டிருந்தபோது 2019-ல் ராமும் அதற்கே மாறி, 2021-ல் பழைய சிபி3-க்குத் திரும்பி வந்தது. இந்தப் பம்பைத் திட்டும்போது மூன்று கட்சியும் ஒரே மேடையில் இருக்கும்.

கடைசியாகக் குறும்புகள். எதிர்க்கட்சி முத்திரையை அவர் வண்டியின் பின்கதவில் வைக்கலாம், ஆனால் ஒட்டும் ஸ்டிக்கர் கூடாது, பெயின்ட் போகும். காந்தத்தில் செய்த முத்திரை வாங்குங்கள். அண்ணாச்சியின் 2002-ல் ராம் முத்திரை கச்சிதமாக ஒட்டிக்கொள்கிறது. அதை அவர் ஒரு வாரம் கவனிக்காமல் வேலைக்குப் போய்வந்ததும் உண்டு. 2017 மாடலிலிருந்து ஃபோர்டு பெரிய பிக்கப்புகளின் பாடி அலுமினியம், அதில் காந்தம் பிடிக்காது. அண்ணாச்சி இப்போது அடுத்த வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார், 2017-க்கு முந்தையது வேண்டாம் என்கிறார். துரு பிடிக்காது பாருங்க தம்பி, என்று காரணம் சொல்கிறார்.