பரண், கொல்லை, பந்து: கோடை விடுமுறைக்குள் வீட்டை ஒழித்துப் பிள்ளைகளையும் ஆடவிடும் முறை

காவிரி டெல்டா வீடுகளில் பரணில் ஏறி வேலை பார்க்கவும், பிள்ளைகள் வெளியில் ஓடி ஆடவும் தோதான நேரம் ஒன்றேதான்: காலை 6 மணியிலிருந்து எட்டரை வரை. விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. வீட்டை ஒழிக்கும் வேலையைக் காலையில் ஆரம்பித்தால் பிள்ளைகள் பத்து மணி வெயிலில் மட்டையோடு கிளம்புகிறார்கள். பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போய்விட்டால் பரணிலிருந்து பாதி இறக்கிய சாமான் கூடத்தில் ஒரு மாதம் கிடக்கிறது. அதனால் முதலிலேயே பிரித்துவிடுங்கள்: வாரத்தில் ஐந்து காலை ஆட்டத்துக்கு, இரண்டு காலை பரணுக்கு. உட்கார்ந்து பிரிக்கிற வேலையெல்லாம் மதியத்துக்கு.

வரிசையும் முக்கியம். பள்ளி மூடியதும், மே 4 வாக்கில் கத்திரி வெயில் பிறப்பதற்குள் கொல்லையை முடிக்க வேண்டும்; ஆடுகிற இடம் அங்கேதான் கிடைக்கும். மே 28 வாக்கில் கத்திரி முடியும்வரை விளையாட்டுச் சாமான், காகிதம், பரண். ஜூன் பிறந்தால் மிச்சத்தை வெளியேற்றுவது மட்டும்தான். பரணிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்படித் தொடங்கிய வீடுகளில் இறக்கிய சாமான் முழுக்கக் கொல்லையில் போய்க் குவியும். ஆட இடம் இருக்காது.

கொல்லை

தென்னை மட்டைக் குவியல், உடைந்த ஓடு, செங்கல் அடுக்கு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. இவைதான் கொல்லையில் இடத்தை அடைக்கின்றன. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் தங்குவதும் இவற்றுக்கு அடியில்தான். பந்து உருண்டு போவதும் அங்கேயேதான். குவியலைக் கையால் தொடாதீர்கள். நீளக் கம்பால் நான்கைந்து இடத்தில் தட்டி, சற்று நேரம் விலகி நின்று, பிறகு நீளக் காம்புள்ள மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பலகையையோ தகரத்தையோ புரட்டும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்குங்கள். திறப்பு உங்கள் காலைப் பார்த்து இருக்கக் கூடாது. கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம். இந்த ஒரு வேலையில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் உதவாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடம் வலிக்காமலும் தடம் தெரியாமலும்கூட இருக்கும் என்பதால் "சந்தேகம்தான்" என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்து.

இடம் காலியானபின் ஆணியும் கம்பித்துண்டும் பொறுக்க எளிய வழி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுப்பது. கண்ணாடிச் சில்லைக் கண்ணால்தான் தேட வேண்டும். வெயில் சாய்வாக விழும் மாலையில் அது மின்னித் தெரியும். கிணறு இருந்தால் கம்பி வலை போட்டு மூடுங்கள். தென்னை இருந்தால் ஆள் வைத்துக் காயைப் பறித்து, தொங்கும் காய்ந்த மட்டைகளையும் இறக்கியபின்தான் அடியில் ஆட வேண்டும். பறிக்கிற கூலியை மிச்சம்பிடிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தலையில் விழும் காய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கொல்லையில் எந்த ஆட்டம்

டெல்டாவின் பழைய தெரு வீடுகளில் கொல்லை அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருக்கும். இறகுப்பந்து ஒற்றையர் ஆட்டத்துக்கு 44 அடி நீளம், 17 அடி அகலம் போதும்; இரட்டையருக்கு அகலம் 20 அடி. நாலாபக்கமும் மூன்று நான்கடி சுற்றிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் சுவரில் மோதிக்கொள்வார்கள். வலையின் உயரம் நடுவில் 5 அடி, கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம். ஆடுகளத்தின் நீளம் தெற்கு வடக்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்காது. தெரு கிழக்கு மேற்காக ஓடும் ஊர்களில் கொல்லை தானாகவே அப்படித்தான் நீளும். கம்பத்துக்குச் சவுக்குக் கழி போதும். இரண்டடி ஆழத்தில் நட்டு, செங்கல் துண்டு போட்டு இறுக்குங்கள். வலையை இழுத்துக் கட்டும்போது கழி உள்ளே சாயும் என்பதால் நடும்போதே கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து நட வேண்டும்.

பூப்பந்துக்கு (பால் பேட்மிண்டன்) 24 மீட்டருக்கு 12 மீட்டர் இடம் வேண்டும், பக்கத்துக்கு ஐந்து பேர். அது கொல்லைக்குள் அடங்காது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் ஆடிய ஆட்டம் இது. பரணில் பழைய பூப்பந்து மட்டை கிடைத்தால் காயலானுக்குப் போடாமல் பிள்ளையிடம் கொடுத்து, மஞ்சள் கம்பளிப் பந்தைச் சுவரில் அடித்துப் பழகச் சொல்லுங்கள். கை நன்றாகப் படியும்.

தரைதான் பாதிப் பேர் கோட்டைவிடும் இடம். நம்மூர்க் களிமண் மே மாதத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், கணுக்கால் அதில்தான் பிசகும். வெடிப்பை வண்டல் மண்ணால் நிரப்பி, மாலையில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மறுநாள் விடியலில் மண் ஈரப்பதமாக, ஆனால் காலில் ஒட்டாமல் இருக்கும்போது திமிசுக்கட்டையால் இடியுங்கள். மூன்று நான்கு நாள் இதையே செய்தால் தரை இறுகும். தண்ணீரைக் கொட்டி உடனே இடித்தால் மேலே பாளம் மட்டும் உருவாகி, காய்ந்ததும் பெயரும். "மெத்தென்று இருக்கட்டும்" என்று மேலே ஆற்று மணலைத் தூவாதீர்கள். கெட்டித் தரைமேல் மெல்லிய மணல் வழுக்கும். கோடு போட சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். கல் கோலமாவைத் தண்ணீரில் கரைத்துப் போட்டால் போதும். அரிசி மாவு போட்டால் எறும்பு வரும்.

எது அடுத்த பிள்ளைக்கு ஆகும்?

விளையாட்டுச் சாமானை மதியம் கூடத்தில் பரப்பிப் பிரியுங்கள். எல்லா வீட்டிலும் தடையாக வரும் வாக்கியம் ஒன்றுதான்: "தம்பிக்கு ஆகும், எடுத்து வை." இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. மரம், இரும்பு, துணி காத்திருக்கும். ரப்பர், நுரை, பசை காத்திருக்காது. அண்ணனுக்கும் தம்பிக்கும் மூன்று வயதுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஷூவும் ஹெல்மெட்டும் கால்காப்பும் தம்பிக்கு வரும்போது செத்துப்போயிருக்கும்.

ஷூவில் இது நன்றாகத் தெரியும். அடிப்பாகம் பாலியூரித்தேனில் செய்ததாக இருந்தால், போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரம் அதை உடைக்கும். பெட்டியில் புதிதுபோல இருக்கும், போட்டு நாலு எட்டு ஓடினால் பொடியாக உதிரும். மழைக்காலமெல்லாம் ஈரம் ஊறும் நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ கீறல் விட்டாலோ தூக்கிப் போடுங்கள். போடுகிற ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கலாம். "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கொப்புளமும் கால் பிசகுவதும் நிச்சயம்.

கிரிக்கெட் மட்டைக்கும் இதே தப்பு நடக்கிறது. பிள்ளையின் காலோடு ஒட்டி மட்டையை நிறுத்தினால் கைப்பிடியின் நுனி இடுப்பு மடிப்புக்கு வர வேண்டும். அதைத் தாண்டினால் பெரிது. கீழ்க்கையால் இழுத்து அடிக்கப் பழகிவிடுவான், பிறகு மாற்றுவது கஷ்டம். நல்ல வில்லோ மட்டை பரணில் காய்ந்து கிடந்தால், முகத்திலும் ஓரத்திலும் அடிநுனியிலும் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தடவி ஒரு இரவு படுக்கவையுங்கள். கைப்பிடி செருகியிருக்கும் இடத்தில் எண்ணெய் படக் கூடாது, பசை விடும். தேங்காய் எண்ணெய் இதற்கு மாற்றல்ல. அது காய்ந்து படலமாகாது, மரம் ஊறிக் கனக்கும். முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மட்டைக்கு அந்தப் பக்கம் எண்ணெயே வேண்டாம். கடின மரத்தில் செய்த டென்னிஸ் பந்து மட்டைக்கு இவ்வளவு சீராட்டல் தேவையில்லை.

ஹெல்மெட்டில் கீறல், உள்நுரை பெயர்ந்தது, கம்பி வளைந்தது எதுவாக இருந்தாலும் போய்விட வேண்டியதுதான். பலமாக ஓர் அடி வாங்கியதும் அப்படியே, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும். சின்னத் தலைக்குள் பெரிய ஹெல்மெட்டைத் துண்டு சுற்றி இறுக்குவது பாதுகாப்பு ஆகாது.

காற்றுப்போன கால்பந்தைத் தூக்கிப் போடுமுன் ஊசியை ஈரமாக்கிச் செருகிக் காற்றடித்துப் பாருங்கள். உலர்ந்த ஊசி உள்ளே வால்வைக் கிழிக்கும். பாதிப் பந்துகள் ஓட்டையாவது அப்படித்தான். எட்டு வயதுக்குள் 3ஆம் அளவு, பன்னிரண்டு வரை 4, அதற்குமேல் 5. எடுத்து வைக்கும்போது காற்றை முழுதும் இறக்காமல் பாதி வையுங்கள். இறகுப்பந்து மட்டைகளைத் தகரம், ஓட்டுக் கூரையடியில் வைத்தால் வெப்பத்தில் நரம்பு தளரும். கேரம் பலகை சுவரில் சாய்த்துவைத்தே வளைகிறது. கட்டிலுக்கடியில் தட்டையாகப் போடுங்கள்.

மிஞ்சியதில் நன்றாக இருப்பதை ஊர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுக்கலாம். கிழிந்ததைக் கொடுத்துவிட்டு தானம் செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது; நம் குப்பையை அவர் அள்ள வேண்டியிருக்கும். தினமும் ஆடுகிற சாமானுக்கு இடம் வாசலை அடுத்த ரேழிதான். கண்ணெதிரே, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஆளுக்கு நான்கு கொக்கி. காலியாகக் கிடக்கிற நெல் பத்தாயத்தில் போடலாம் என்று தோன்றும். வியர்வை ஈரத்தோடு போட்டால் காற்றுப் புகாமல் பூஞ்சை பிடித்துவிடும்.

பரண்

அந்த இரண்டு காலைகளில் ஒரு நாளைக்கு ஒரு மூலை, அன்று இறக்கியது அன்றே பிரிய வேண்டும். ஏறுமுன் மரச் சட்டங்களைக் கம்பால் தட்டுங்கள்; பொத்தென்று கேட்டால் கரையான் தின்றிருக்கிறது, மேலே கால் வைக்காதீர்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துக் கையுறையோடு ஈரத்துணியால் வழித்தெடுங்கள். எலி மூத்திரம் வழியே எலிக்காய்ச்சல் பரவும்.

பாத்திரங்களில் பித்தளை, செம்பு, வெண்கலத்தைத் தனித்தனியாகப் பிரித்து, வீட்டுத் தராசில் எடை போட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வெண்கலம் பித்தளையைவிட விலை கூடியது. கலந்து கொட்டினால் எல்லாமே பித்தளை விலைக்குத்தான் போகும். தட்டினால் நீண்டு ஒலிப்பது வெண்கலம். பழைய தஞ்சாவூர் ஓவியம் கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம். புடைப்பு வேலைக்கு அடியில் இருப்பது சுண்ணப்பொடியும் பசையும். ஈரம் பட்டால் ஊதி, தங்கத்தாளோடு பெயரும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

ஓலைச்சுவடி இருந்தாலும் அப்படித்தான். வெயிலில் காயவைக்காமல், எண்ணெய் தடவாமல், துணியில் சுற்றித் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள்.

காகிதத்தில் அவசரம் வேண்டாம். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, கூட்டுறவுக் கடன் தீர்ந்த ரசீது, மதிப்பெண் பட்டியல் ஆகியவை பீரோவுக்கு; மற்றதை எடைக்குப் போடலாம். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிரிக்க முடியாது, முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்ப்பது சிக்கலாகும்.

வெயில், தண்ணீர்

எட்டரைக்குப் பிறகு மைதானத்தில் பிள்ளை இருக்கக் கூடாது. மாலையில் ஐந்துக்கு மேல் போகலாம். ஆட்டத்துக்கு நடுவே உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உடம்பு கொதித்து, பேச்சுக் குளறினால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவனுக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

கோடையில் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடாத ஊர் டெல்டாவில் இல்லை. மணல் எடுத்த பள்ளங்களைப் பெரியவர் ஒருவர் முதலில் நடந்து பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வைக்கட்டும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அங்கிருந்து கிளையாறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரியும். நீர் இருப்பு இல்லாத ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும், ஆகவே செய்தியைப் பார்த்து, திறந்த அன்றே ஆற்று ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். முதல் தண்ணீர் நிரம்பும்போது, நேற்று வரை ஓடி ஆடிய பள்ளம்தானே என்ற தைரியத்தில் பிள்ளைகள் இறங்குவார்கள்; மேலே முழங்கால் ஆழமாகத் தெரியும் இடத்தில் ஆள் மூழ்கும் குழி இருக்கும். கொல்லை வாய்க்காலில் கொட்டிவைத்த ஒழிசல் ஏதாவது இருந்தால் அதையும் அதற்குள் அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் மதகில் போய் அடைத்து, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறாமல் பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நிற்பார்.