அமெரிக்காவில் பிள்ளைக்கு முதல் செக்கப்: ஊசி அட்டையில் தேதியைப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து சின்னப் பிள்ளையோடு அமெரிக்கா வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மூரில் காய்ச்சல், சளி, இல்லையென்றால் ஊசி. இதற்குத்தான் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவோம். இங்கே ஓடியாடும் பிள்ளையையும் 12, 15, 18, 24, 30 மாதங்களில் காட்ட வேண்டும். உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் உள்ள டாக்டர் என்றால் பெரும்பாலும் கைக்காசு போகாது. வந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.

சரி, ஊசி அட்டைக்கு வருகிறேன். நம்மூர் சிஸ்டர்மார் நாள், மாதம், வருடம் என்று எழுதுவார்கள். இங்கே மாதம்தான் முதலில். தக்கலைக்கார நண்பர் ஒருவரின் பிள்ளை பிறந்தது 2023 ஜூன் 20. ஒரு வயது முடிந்ததும் ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்டார்கள். அட்டையில் 05/07/2024. இங்குள்ள கிளினிக் நர்ஸ் அதை மே 7 என்று வாசித்து, மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ஒரு வயதுக்குப் பிறகு போட்டால்தான் அந்த ஊசி இங்கே செல்லும். கம்ப்யூட்டர் செல்லாது என்றது, பிள்ளையின் தொடையில் மறுபடியும் குத்தினார்கள். வெளிநாட்டு அட்டை என்று தெரிந்தும், தேதியை எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல்தான். நாள் 12க்கு மேல் இருந்தால் அவர்களே முழித்துக்கொண்டு கேட்பார்கள். 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாறிவிடும்.

அதனால் புறப்படும் முன்பே உங்கள் டாக்டரின் லெட்டர்பேடில் எல்லா ஊசியையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மாதம் எண்ணில் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். பென்டாவேலன்ட் என்று மட்டும் எழுதினால் போதாது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் (Hib) என ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தும் சீலும் மறக்க வேண்டாம். ஏற்கெனவே வந்துவிட்டீர்களா? ஊரில் மாமாவையோ மச்சானையோ அனுப்பி வாங்கி, ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நர்ஸ் பதிவேற்றும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு தேதியையும் வாசித்துக் காட்டுங்கள். இதில் கூச்சம் பார்க்காதீர்கள்.

ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை ஊசி எப்படியும் இங்கே கணக்கில் வராது, அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். இடது கையிலுள்ள தழும்பைக் கேட்டால், காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசி என்று சொல்லுங்கள். காசநோய்ப் பரிசோதனை வேண்டுமென்றால், இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குத் தோலில் குத்திப் பார்ப்பதைவிட ரத்தப் பரிசோதனை நல்லது. பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை சும்மாவே தடிக்கலாம்.

அப்புறம் 18, 24 மாதங்களில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். எத்தனை வார்த்தை பேசுகிறான் என்றும் கேட்பார்கள். தமிழ் வார்த்தைகளையும் சேர்த்தே எண்ணிச் சொல்லுங்கள், ஆங்கிலம் மட்டும் சொன்னால் பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். பால் கணக்கிலும் பெருமை வேண்டாம். ‘பிள்ளை நல்லா பால் குடிப்பான்’ என்று என் அம்மா வீடியோ காலில் எல்லோரிடமும் சொல்வார். இங்கே ஒரு நாளைக்கு முக்கால் லிட்டரைத் தாண்டினாலே, இரும்புச்சத்து குறையும் என்று டாக்டர் முகம் சுளிப்பார். நம்மூர் மட்டி வாழைப்பழம் ஊட்டுவதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது இங்கே கிடைத்தால்தானே!