தொண்டு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கும் திறன் மேம்பாட்டுக்கும் நிதி கேட்பது எப்படி?

சென்னையில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை வாங்கித் தர ஆள் கிடைப்பது எளிது. கணக்காளரின் சம்பளத்தைத் தர ஆள் கிடைப்பது அரிது. தன் பணம் முழுவதும் பயனாளியின் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று நன்கொடையாளர் எதிர்பார்ப்பதால், அலுவலக வாடகையையும் ஆடிட்டர் கட்டணத்தையும் ‘இதர செலவு’ என்ற தலைப்புக்குள் நுழைத்துவிடும் பழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. பின்னாளில் தணிக்கையில் கேள்வி எழும்போது இந்த ஒளிவுதான் நிறுவனத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது. நிர்வாகத்துக்கும் திறன் மேம்பாட்டுக்கும் என்றே வெளிப்படையாக நிதி தரும் அமைப்புகள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றை அணுகுவதற்கு முன் நம் கையில் இருக்க வேண்டியது உருக்கமான கதை அன்று, சரியாகப் போட்ட கணக்கு.

முதலில் சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையை எடுத்துவைத்து, நேரடிச் செலவையும் பொதுச் செலவையும் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வியாசர்பாடியில் மூன்று மாலைநேரப் படிப்பகங்களை நடத்தும் அறக்கட்டளை ஒன்றின் ஆண்டுச் செலவு 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆசிரியர் ஊதியம், பாடப்பொருள், சிற்றுண்டி, படிப்பக வாடகை ஆகிய நேரடிச் செலவுகள் 33 லட்சம். மீதமுள்ள 7 லட்சத்தில் அலுவலக வாடகை 1,80,000, கணக்காளர் ஊதியம் 2,64,000, தணிக்கைக் கட்டணம் 60,000, டேலி என்ற கணக்கு மென்பொருள், இணையம், தொலைபேசி எல்லாம் சேர்த்து 36,000, இயக்குநர் நிர்வாகத்துக்கெனச் செலவிடும் நேரத்தின் மதிப்பு 1,60,000. இந்த 7 லட்சம் மொத்தச் செலவில் 17.5 சதவீதம், நேரடிச் செலவோடு ஒப்பிட்டால் 21.2 சதவீதம். நிதி தருபவர் ‘நிர்வாகச் செலவு 10 சதவீதம் வரை’ என்று சொல்லும்போது, எதில் 10 சதவீதம் என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பட்ஜெட் எழுதக் கூடாது.

மூன்று படிப்பகங்களுக்கும் ஒரே அளவு செலவு என்று கொண்டால், ஒன்றின் நேரடிச் செலவு 11 லட்சம், அதற்குரிய பொதுச் செலவுப் பங்கு சுமார் 2.33 லட்சம். அந்த ஒரு படிப்பகத்தை ஏற்க முன்வரும் நிறுவனம் நேரடிச் செலவில் 10 சதவீதம், அதாவது 1.1 லட்சம் மட்டுமே தந்தால், மீதி 1.23 லட்சத்தை நாம் வேறெங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். ‘முழுச் செலவையும் தருகிறோம்’ என்று சொல்லப்படும் நிதியிலும் ஆண்டுதோறும் ஒரு ஓட்டை விழுவது இப்படித்தான். இதை நேர்மையாகவே ஓரளவு அடைக்கலாம்: கணக்காளர் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தத் திட்டத்தின் பில்களுக்கும் அறிக்கைகளுக்கும் செலவிடுகிறார் என்றால், நேரப் பதிவேட்டை ஆதாரமாக வைத்து, அந்தப் பங்கைத் திட்டத்தின் நேரடிச் செலவிலேயே காட்டலாம், அப்படிக் காட்டிய தொகையைப் பொதுச் செலவிலும் மறுபடி சேர்க்கக் கூடாது. நம் சதவீதம் அதிகமோ என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கும் பிரிட்ஜ்ஸ்பான் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தொண்டு நிறுவனங்களின் மறைமுகச் செலவு, அதாவது நாம் பொதுச் செலவு என்று சொல்வது, 5 முதல் 51 சதவீதம் வரை வேறுபட்டிருந்தது, இடைநிலை அளவு 19 சதவீதம்.

அடுத்து, சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் தம் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் நிதி, குறித்த ஒரு தவறான புரிதலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்வதாகக் கம்பெனி அதிகாரிகள் சிலர் கூறுவதுண்டு. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின் கீழ் அமைந்த விதிகளில் உள்ள அந்த 5 சதவீத வரம்பு, சி.எஸ்.ஆர். பணிகளைக் கவனிப்பதற்காகக் கம்பெனி தன்னளவில் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும், நடத்தவும், கண்காணிக்கவும், மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது. செயல்படுத்தும் நிறுவனத்தின் செலவும் அதில் சேராது. மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. வாதம் செய்யும் தொனி இல்லாமல், அந்த விளக்கத்தின் நகலை முன்மொழிவோடு இணைத்து அனுப்புவதே நல்லது. அதன் பிறகும் கம்பெனி தன் உள் கொள்கையாக 5 சதவீதம்தான் தரும் என்றால் அது அவர்கள் முடிவு. ஆனால் அதைச் சட்டத்தின் மேல் போட முடியாது.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவுப் பத்திரம், பான், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகள், வருமானவரித் துறையின் 12ஏபி (நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்து பெறும் எண், சி.எஸ்.ஆர். நிதி வேண்டுமென்றால் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியிருந்தாலும், நிதி தருபவர்களின் பேச்சில் 12ஏபி, 80ஜி என்ற பழைய பெயர்களே புழங்குகின்றன.

இனி, யாரிடம் போவது? திட்டத்துக்கு மட்டும் தருபவர்களிடம் நிறுவன வளர்ச்சிக்கான விண்ணப்பத்தைக் கொண்டுபோவது இரு தரப்புக்கும் நேர விரயம். எடெல்கிவ் அறக்கட்டளை 2021இல் தொடங்கிய குரோ நிதி, அடித்தள நிறுவனங்கள் நூற்றின் அடிப்படைச் செலவுக்கும் திறன் வளர்ச்சிக்குமாகவே உருவாக்கப்பட்டது. தஸ்ரா அமைப்பின் ரீபில்ட் இந்தியா நிதி, சிறிய நிறுவனங்களுக்கு நிபந்தனை குறைந்த நிதியைப் பல ஆண்டுகளுக்குத் தரும் நோக்கத்தோடு அமைந்தது. ஏ.டி.இ. சந்திரா அறக்கட்டளை தொண்டு நிறுவனங்களின் திறன் மேம்பாட்டையே தன் முக்கியப் பணிகளில் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குப் பெங்களூரின் தி நட்ஜ் நிறுவனம் நடத்தும், புதிய தொண்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டும் வளர்ப்புத் திட்டம் (இன்குபேட்டர்) பொருந்தலாம். இவற்றுள் எதற்கும் ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், அவர்களின் இணையதளத்தில் அப்போதைய அழைப்பையும் தகுதி வரம்பையும் பார்த்த பிறகே எழுத உட்கார வேண்டும்.

திறன் மேம்பாட்டுக்கான முன்மொழிவில் மிகவும் சலிப்பூட்டும் வரி, ‘எங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்’ என்பது. எந்த ஊழியருக்கு, எதில், அதனால் எது மாறும் என்பது அதில் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பார்க்கலாம்: “எங்கள் வவுச்சர்கள் மார்ச் மாதத்தில்தான் மொத்தமாக டேலியில் ஏறுகின்றன, அதனால் நடப்பு ஆண்டில் எந்தத் திட்டத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது அறங்காவலர்களுக்குத் தெரிவதில்லை. முழுநேரக் கணக்காளர் ஒருவரும், அவருக்கு ஆறு மாதம் வழிகாட்டும் மூத்த ஆடிட்டர் ஒருவரும் இருந்தால், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் வரவு-செலவு அறிக்கையை அறங்காவலர்களின் மேசையில் வைப்போம்.” குறையை ஒப்புக்கொண்டால் நிதி கிடைக்காதோ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் திறன் மேம்பாட்டுக்கு நிதி தருபவர் தேடுவதே, தன் குறையைத் துல்லியமாக அறிந்த நிறுவனத்தைத்தான். 80ஜி நன்கொடைகளின் ஆண்டு அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் விழும் என்பது போன்ற சான்று ஒன்றையும் சேர்த்தால், கணக்காளர் ஆடம்பரமா என்ற கேள்வி எழாது.

சொந்தப் பதிவு இன்னும் கிடைக்காத புதிய குழுக்கள், வேறொரு அறக்கட்டளையின் குடைக்கீழ் நிதி பெற நினைப்பதுண்டு. இதில் கவனம் தேவை. வெளிநாட்டு நிதியை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றித் தருவதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020ஆம் ஆண்டுத் திருத்தம் முற்றிலும் தடை செய்துவிட்டது. அதே திருத்தம் அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. உள்நாட்டு நிதியிலும், ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளை இன்னொன்றுக்குத் தரும் நன்கொடையில் 85 சதவீதம் மட்டுமே வருமானவரிக் கணக்கில் அறச்செலவாகக் கொள்ளப்படும். ஆகவே குடை பிடிக்கும் தாய் நிறுவனமே திட்டத்தைத் தன் பெயரில் நடத்தி, குழுவினரைத் தன் ஊழியர்களாக நியமித்து, செலவைத் தன் ஏட்டில் எழுதுவதே பாதுகாப்பான வழி. கட்டணம் எவ்வளவு, பிரியும்போது மிச்சத் தொகை யாருக்கு என்பவற்றை எழுத்தில் வைத்துவிட வேண்டும்.

பணமாக வராத உதவியையும் கேட்கத் தெரிய வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்களில், வார இறுதியில் மரம் நடத் தயாராக இருக்கும் ஊழியர்களிடம், அதற்குப் பதிலாக நன்கொடையாளர் பட்டியலை ஒழுங்குபடுத்தும் ஒரு சிறு மென்பொருள் வேலையை மூன்று மாதத்துக்குக் கேட்கலாம். எழும்பூரின் சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஆவணப்படுத்தும் பணியில் ஈடுபடுத்தலாம்; ஆனால் அவர்களை வழிநடத்த ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை மறந்தால், இலவச உதவி சுமையாகிவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது மூன்றாம் ஆண்டை. கணக்காளரின் சம்பளத்தை முதல் ஆண்டில் முழுமையாகவும், இரண்டாம் ஆண்டில் 70 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 40 சதவீதமும் தருமாறு கேட்டு, மீதியை மற்ற ஒவ்வொரு திட்டத்தின் பட்ஜெட்டிலும் பங்காகச் சேர்த்துவரும் அட்டவணை ஒன்றை முன்மொழிவின் பின்னிணைப்பாகத் தர வேண்டும். நிதி நின்ற பிறகு அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்ற கேள்வியை அவர்கள் நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள்.