காப்பகத்து நாயைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? இப்படி ஆரம்பியுங்கள்

முதலில் வீட்டில் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். அப்பாரு ஒருத்தர் வேண்டாம் என்றால்கூட நாளைக்கு அந்த நாய் திரும்பக் காப்பகத்துக்கே போக வேண்டி வரும், ஏற்கெனவே கைவிடப்பட்ட ஜீவனுக்கு அதைவிடக் கொடுமை இல்லைங்க.

அடுத்து, காப்பகத்துக்கு இரண்டு தடவையாவது போய்ப் பாருங்கள். முதல் நாள் மூலையில் பதுங்கியது மறுநாள் மடியில் வந்து உட்காரும். குழந்தைகள், கோழி, பூனையோடு ஒத்துப்போகுமா, ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். காதில் சின்னதாக வெட்டு இருந்தால் காயம் என்று பயப்படாதீர்கள், கருத்தடை ஆனதற்கு வைக்கும் அடையாளம் அது.

கிளம்பும் முன் மூன்று நான்கு மணி நேரம் சாப்பாடு வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர்தானே என்று நான் பால்சோறு ஊட்டிக் கூட்டி வந்தேன், என் நாய் மணி வழியெல்லாம் வாந்தி எடுத்தான். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள், சின்ன நாய் பயந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வாங்குங்கள். கேட் கம்பி இடைவெளியையும் பார்த்து அடைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம், முதல் மூன்று நாள். கொஞ்சாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், பார்க்க வரும் சொந்தக்காரர்களையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரு மூலையில் பழைய சாக்கு, தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவு போதும். மணி தேங்காய் மூட்டைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான், யாராவது நடந்தால் ஒரு காது மட்டும் ஆடும். மூன்றாம் நாள் ராத்திரி நான் திண்ணையில் படுத்திருந்தபோது ஈரமாக ஏதோ என் உள்ளங்காலில் பட்டது, மோந்து பார்த்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டான். நான் அசையவே இல்லை.

சாப்பாட்டுக்கு வேகவைத்த கோழி, முட்டை, சோறு போதும். நம்ம ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள், அதில் இருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சையும் ஆகாது. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

அப்புறம் டாக்டர். முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவமனைக்குப் போய்க் குடற்புழு மருந்து கேளுங்கள். குட்டியாக இருந்தால் 6-8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு அதை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும். வீட்டில் யாரையாவது கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: மாடு கட்டும் கட்டுத்தறியில் உண்ணி சீக்கிரம் ஏறும், அதனால் காய்ச்சலும் வரும். ஆனால் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை நாய்மேல் அடிக்கவே கூடாது, எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மணி ஆறு கிலோதான், அவனுக்கு அது விஷம்.