ஊசித் துப்பாக்கியில் எதைப் பார்க்க வேண்டும்?

அருங்காட்சியகத்தில் ட்ரைசே ஊசித் துப்பாக்கியைக் கண்டால், குழலின் நீளத்தை விட்டுவிட்டு நேரே பின்பக்கத்துக்குப் போங்கள். பின்வழியாகத் தோட்டா போடும் துப்பாக்கிகளைப் பாடாய்ப் படுத்தியது ஒரே தொல்லைதான்: வெடிக்கும் வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும்.

1841இல் பிரஷ்யா ஏற்ற இந்தத் துப்பாக்கியில், குழலின் பின்முனை கூம்பாகச் சரிந்திருக்கும். பின்வாயைத் திறந்து மூடும் நகரும் உலோகத் தண்டுதான் போல்ட். அதன் குழிவான முகப்பு இந்தக் கூம்பின்மேல் வந்து உட்காரும். இரும்போடு இரும்பு, இடையில் வேறெதுவும் கிடையாது. புதிதாக இருக்கும்வரை சரி. தேய்ந்தபின் அந்த இணைப்பில் நெருப்பும் புகையும் சீறும். அதனால்தான் சிப்பாய்கள் கன்னத்தோடு ஒட்டிக் குறிபார்க்கத் தயங்கினார்கள். விளிம்பில் அரிப்பு தெரிகிறதா பாருங்கள்.

அடுத்து ஊசி. அது குத்தியதும் தீப்பற்றி மருந்தை வெடிக்கச் செய்வது தீமூட்டி. காகிதத் தோட்டாவில் தீமூட்டி இருப்பது பின்னால் அல்ல, வெடிமருந்துக்கு முன்னால், குண்டைத் தாங்கும் காகிதக்கூழ்க் கிண்ணத்தின் அடியில். ஆகவே ஊசி மருந்து முழுவதையும் துளைத்துக்கொண்டு போக வேண்டும். மருந்து எரியும்போது அதுவும் நெருப்புக்குள்ளேயே நிற்கும். அரித்து, நொறுங்கி, கடைசியில் ஒடியும். மாற்று ஊசியைச் சிப்பாயே வைத்திருந்தார், களத்திலேயே மாற்றிவிடலாம்.

இத்தனை குறையோடும் 1866இல் கூனிக்கிரேட்ஸ் போரில் பிரஷ்யர்கள் வென்றார்கள். எதிரே ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கி அதிகத் தூரம் போகும். ஆனால் முன்வாயில் மருந்து கொட்டி இடிக்க அவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பிரஷ்யர்கள் படுத்தபடியே நிரப்பினார்கள்.

பிரான்சின் சாஸ்போ, 1866. குழலின் உள்விட்டம் 11 மி.மீ. தீமூட்டியைத் தோட்டாவின் அடிக்கு நகர்த்தியதால் ஊசி மருந்துக்குள் நுழைய வேண்டியதில்லை. போல்ட் முனையில் ரப்பர் வளையம். வெடிக்கும் அழுத்தத்தில் நசுங்கி விரிந்து, தோட்டா இருக்கும் அறையை அடைக்கும். நல்ல யோசனைதான், ரப்பர் கெட்டிப்பட்டு விரிசல் விடாதவரை. எரியாத காகிதமும் கரியும் அறையில் தங்கி அடுத்த தோட்டாவை நுழைய விடாமல் தடுப்பதும் உண்டு.

பிரிட்டனின் ஸ்னைடர் (இதுவும் 1866) உலோகத் தோட்டாவுக்கு மாறியது. வெடிக்கும்போது உறையே விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும். பதிலுக்கு வேறு வேலை: பக்கவாட்டில் மூடியைத் திறந்து, பின்னால் இழுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்தால்தான் காலி உறை விழும்.

ஓர் எச்சரிக்கை: 'சாஸ்போ' என்று பலகையில் இருந்தாலும் வளையம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரப்பர் உதிர்ந்திருக்கலாம். போல்ட் முனையில் உறையை இழுக்கும் கொக்கி இருந்தால், அது உலோகத் தோட்டாவுக்காக பிரான்சின் 1874 கிராஸ் துப்பாக்கி முறைக்கு மாற்றப்பட்டது.