செட்டிநாட்டு வீட்டுல தரையோட தரையா லைட் வைக்கிறது எப்படி? குட்டை ஸ்டாண்ட் புதுசா பழகுறவங்களுக்கு

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீட்டுல ஷூட் பண்ற பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குறது, "அண்ணே, முகம் நல்லா வருது, பின்னாடி தூணெல்லாம் இருட்டாப் போயிருது". மதியானம் முற்றத்துல வெயில் கொட்டும், சுத்தி இருக்க தாழ்வாரம் கருகருன்னு இருக்கும், அங்க தேக்குத் தூணோட அடியில ஒரு லைட்டை வச்சு மேல பாத்து விட்டீங்கன்னா தூண் தனியா எந்திரிச்சு நிக்கும். அதுக்குத்தான் குட்டை ஸ்டாண்ட்.

முதல்ல எந்த ஸ்டாண்டுன்னு பாப்போம். சி ஸ்டாண்டுன்னா லைட் மாட்டுற மூணு கால் ஸ்டாண்ட், காலெல்லாம் வேற வேற உயரத்துல இருக்கும், 40 இன்ச், 20 இன்ச்ங்கிறது நடுக்கம்பியோட அளவு. 40 இன்ச் சி ஸ்டாண்டை முழுசா இறக்கினாலும் நாலு அடிக்கு மேல நிக்கும், இதுக்கு ஆகாது. 20 இன்ச்னா ரெண்டரை அடி கிட்ட வரும். இன்னும் கீழ வேணும்னா, கால் தனியா கழட்டுற மாடல்ல நடுக்கம்பியை உருவிட்டு அந்த ஓட்டையில 16 மி.மீ பின் இருக்க அடாப்டரைச் சொருகி அதுல லைட்டை மாட்டுங்க (ஓட்டையை அளந்துட்டு அடாப்டர் வாங்குங்க). பட்ஜெட் இல்லையா, ரெண்டடிப் பலகையில பின் வச்ச பிளேட்டை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிருங்க. நான் இன்னைக்கும் அதிகம் எடுக்குறது அந்தப் பலகையைத்தான்.

அடுத்தது தரை, இதைத் தயவுசெஞ்சு கவனமா படிங்க. ஆத்தங்குடிக் கல்லு சூளையில சுட்ட டைல்ஸ் கிடையாது, கண்ணாடி மேல கலர் சிமெண்டை ஊத்தி கையால செய்றது, கீறல் விழுந்தா போகாது. ஆரம்பத்துல ஒரு வீட்டுல ஸ்டாண்டைத் தூக்காம இழுத்துட்டேன், பூ டிசைனுக்குக் குறுக்க வெள்ளையா ஒரு கோடு. அந்த வீட்டு ஆச்சி திட்டலை, குந்தி உக்காந்து கட்டைவிரலால அந்தக் கோட்டை ரெண்டு தடவை தேச்சுப் பாத்தாங்க, அவ்வளவுதான். அன்னைலேருந்து சாக்கை ரெண்டா மடிச்சுப் போடாம எந்தக் காலையும் நான் கீழ வைக்கிறதில்லை.

கால் விரிக்கும்போது சி ஸ்டாண்டுல உயரமான கால் எந்தப் பக்கம் கனம் சாயுதோ அந்தப் பக்கம் இருக்கணும். மணல் மூட்டையையும் அதே கால் மேல போடுங்க, மூட்டை தரையைத் தொடாம தொங்கணும், தொட்டுச்சுன்னா கனம் தரைக்குப் போயிரும், ஸ்டாண்டுக்குப் பிடிப்பு இருக்காது. குட்டைதானே விழாதுன்னு மூட்டையை விட்றாதீங்க, இடுப்புக்குக் கீழ இருக்கது யார் கண்ணுலயும் படாது, நடக்குற ஆளு கால் தட்டும். கால் நுனியில வெள்ளை டேப் ஒட்டிருங்க. வயரை ஸ்டாண்டு அடியில ஒரு சுத்து விட்டுக் கட்டிட்டு அப்புறம் சுவரோரமா கொண்டு போங்க.

இப்ப லைட்டைப் போட்டா தரை பளபளன்னு கண்ணைப் பறிக்கும். லைட் முன்னாடி வெளிச்சத்தை மறைக்க இருக்க தகடுகள்ல கீழ்ப்பக்க மடலை மேல தூக்குங்க, தரையில விழுற வெளிச்சம் கட் ஆகும். அப்புறம் கேமரா லென்ஸ் உயரத்துல நீங்களே கண்ணை வச்சுப் பாத்து, தரைக் கல்லுல லைட்டோட பிம்பம் தெரியாமப் போற வரைக்கும் லைட்டை தூணுக்குப் பின்னாடி நகத்துங்க. எல்ஈடின்னா கிட்ட வைக்கலாம், பழைய மஞ்சள் பல்பு லைட்டுன்னா மரத்தை விட்டு நல்லா தள்ளி வைங்க, சூடு பட்டா பாலிஷ் பொங்கிரும்.

முகத்துக்கு இந்த லைட்டை நேரா அடிக்காதீங்க, மூக்கு நிழல் மேல ஏறி பேய் மாதிரி தெரியும்.

பேக்கப் சொன்னதும் முதல்ல லைட்டை ஆஃப் பண்ணி ஆற விடுங்க, லைட்டைக் கழட்டுங்க, அப்புறம் மூட்டை, கடைசியா ஸ்டாண்ட். அதையும் தூக்கித்தான் எடுக்கணும்.