ஒரே சைக்கிளா, பல சைக்கிள்களா: வாங்குவதற்கு முன் முடிவு செய்யும் முறை

இரண்டாவது சைக்கிள் வாங்க வேண்டும் என்ற ஆசை எழுந்தவுடன் கடைக்குக் கிளம்பிவிடாமல், ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு மாதங்களில் சைக்கிளில் போய்வந்த பயணங்களை எழுதிப் பாருங்கள். எவ்வளவு தூரம், தார்ச்சாலையா மண்பாதையா, முதுகிலோ கேரியரிலோ என்ன சுமை இருந்தது, போன இடத்தில் சைக்கிளை எங்கே நிறுத்தினீர்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். நினைவுக்கு வராவிட்டால் இன்று தொடங்கி எட்டு வாரங்கள் குறித்து வாருங்கள். போக ஆசைப்படும் பயணங்களை இந்தத் தாளில் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கரடுமுரடான மலைப்பாதையில் இறங்க வேண்டும், 100 கி.மீ. தூரத்தை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்ற கனவுகள் மதிப்புள்ளவைதான். ஆனால் இப்போது கையில் இருக்கும் சைக்கிளில் ஒருமுறையாவது முயன்று பார்த்த பிறகே அவை கணக்கில் வர வேண்டும்.

ஒரு வகைச் சைக்கிளை இன்னொரு வகையிலிருந்து பிரித்துக் காட்டுபவை டயர், கியர் விகிதம், அமரும் நிலை, ஃபிரேமின் வடிவம் ஆகிய நான்கும்தான். முதல் மூன்றையும் பெருமளவு மாற்றிக்கொள்ளலாம். நான்காவதை மாற்றவே முடியாது. ஆகவே எல்லா வேலைக்கும் ஒரே சைக்கிள் போதும் என்று எண்ணுபவர், எடையையும் வண்ணத்தையும் கியர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கும் எவற்றுக்கெல்லாம் இடம் கொடுக்கின்றன என்று பார்க்க வேண்டும். மலைச் சைக்கிள் என்ற வகையே இப்படித்தான் பிறந்தது. 1970களில் வட கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள், பல பத்தாண்டுகளுக்கு முன் ஊருக்குள் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட பழைய சைக்கிள்களை எடுத்து, அவற்றில் வலுவான பிரேக்கையும் பின்னர் கியர்களையும் பொருத்தி மலைச்சரிவுகளில் ஓட்டினார்கள். அந்தப் பழைய ஃபிரேம்களில் 2 அங்குலத்துக்கும் அதிகமான அகலமுள்ள டயருக்கு இடம் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒல்லியான பந்தய ஃபிரேமில் அதே முயற்சி தொடங்கியிருக்கவே முடியாது.

டயருக்கான இடைவெளியை அளப்பது எளிது. பின்சக்கரத்தின் இருபுறமும் ஓடும் கீழ்க்குழாய்களுக்கு நடுவிலும், முன்ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவிலும் டயர் கடக்கும் இடத்தில் எவ்வளவு அகலம் உள்ளது என்று பாருங்கள். டயரின் இருபுறமும் குறைந்தது 5 மி.மீ. காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். பழைய பந்தயச் சைக்கிள்கள் பலவற்றில் 25 மி.மீ. டயரைத் தாண்டி எதுவும் நுழையாது. சரளைக்கல் பாதையிலும் ஓட்டுவதற்கான கிராவல் எனப்படும் வகையில் 40 முதல் 45 மி.மீ. வரை போடலாம். என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே சைக்கிளாக வைத்திருக்கப் போகும் ஒன்றில் 40 மி.மீ. டயருக்கு மட்கார்டோடு சேர்த்து இடம் இல்லையென்றால் அதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அகலமான இடைவெளியுள்ள ஃபிரேமில் ஒல்லியான டயரைப் போட்டு ஓட்டலாம். ஒல்லியான ஃபிரேமில் அகலமான டயரைப் போட வழியே இல்லை.

இதற்கு அடுத்த படி பலருக்குத் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் 28-622 அல்லது 47-584 என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் மி.மீ. கணக்கில் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். 700சி என்று சொல்லப்படுவதும் 29 அங்குலம் என்று சொல்லப்படுவதும் 622தான், 650பி, 27.5 அங்குலம் ஆகிய இரண்டும் 584. டயரின் உயரம் ஏறத்தாழ அதன் அகலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 28-622 சக்கரத்தின் வெளிவிட்டம் 622 கூட்டல் 56, அதாவது 678 மி.மீ.; 47-584 சக்கரத்துக்கு 584 கூட்டல் 94, அதுவும் 678 மி.மீ.தான். ஆகவே இந்த இரு ஜோடிச் சக்கரங்களையும் ஒரே ஃபிரேமில் மாற்றி மாற்றிப் போட்டாலும் பெடல் தரையிலிருந்து இருக்கும் உயரமோ, சைக்கிள் திரும்பும் விதமோ பெரிதாக மாறாது. ஒன்று தார்ச்சாலைக்கு, மற்றொன்று கல்லும் மணலும் கிடக்கும் பாதைக்கு. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நேரத்தில் சைக்கிளின் இயல்பே வேறாகிவிடுகிறது. இதற்கு டிஸ்க் பிரேக் வேண்டும்; ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், ரிம்மின் விட்டம் மாறினால் பிரேக் கட்டைகள் அதன்மேல் படாது.

இரண்டாவது ஜோடிச் சக்கரம் வாங்கும்போது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் அகலமும் அச்சின் தடிமனும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சாலைச் சைக்கிள்களிலும் கிராவல் சைக்கிள்களிலும் இப்போது முன்புறம் 100, பின்புறம் 142 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிமனுள்ள அச்சும் பரவலாக உள்ளன. மலைச் சைக்கிள்களில் 110, 148 என்ற அளவுகள் அதிகம். இரு ஜோடிக்கும் ஒரே வகை ஹப், ஒரே அளவு டிஸ்க், ஒரே எண்ணிக்கை பல்சக்கரங்கள் கொண்ட கேசட் இருந்தால், ஒவ்வொரு முறையும் கியரையும் பிரேக்கையும் சரிசெய்யும் தொல்லை பெரும்பாலும் இராது. இரண்டு கேசட்டுகளிலும் ஒரே செயின் ஓடுவதால், ஒன்றை மட்டும் நீண்டகாலம் தேய்த்துவிட்டு மற்றொன்றைப் புதிதாக வைத்திருக்கக் கூடாது. நீண்டுபோன செயின் புதிய பற்களில் வழுக்கும்.

கியரைப் பொறுத்தவரை, எல்லாவற்றுக்கும் பொதுவான சைக்கிளில் வேகம் இருக்காது என்ற அச்சத்தைக் கணக்குப் போட்டுப் போக்கிக்கொள்ளலாம். முன்னால் 46, 30 பற்களுள்ள இரு பல்சக்கரங்களும் பின்னால் 11 முதல் 34 வரை பற்களுள்ள பல்சக்கரங்களும் கொண்ட அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. டயரோடு, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், 46க்கு 11 என்ற கியரில் மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. வேகம் கிடைக்கும்; சமதரையில் அந்த வேகத்தைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்கும் கால்கள் மிகச் சிலருக்கே உண்டு. 30க்கு 34 என்ற கியரில் ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 1.9 மீட்டர் அளவே நகரும். சுமையோடு செங்குத்தான ஏற்றத்தில் இதுதான் முழங்காலைக் காப்பாற்றும். பழைய பந்தயச் சைக்கிளின் 39க்கு 25 என்ற மிக இலகுவான கியரில் அதே ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர் நகர வேண்டியிருந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937க்கு முன் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதியே இல்லை. வீரர்கள் ஏற்றம் வந்ததும் இறங்கி, இருபுறமும் வெவ்வேறு பல்சக்கரம் பொருத்திய பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்றைய ஒற்றைச் சைக்கிள் எவ்வளவு வேலைகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது என்பது புரியும்.

கேரியரும் மட்கார்டும் பொருத்துவதற்கான திருகுத்துளைகள் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பைகளைத் தொங்கவிடுபவராக இருந்தால் பெடல் தண்டுகள் சுழலும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள நீளமும் முக்கியம். அது 410 மி.மீ. அளவில் இருந்தால் குதிகால் பையில் இடிக்கும், 430 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இடிக்காது. ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் ஷூவைப் பூட்டும் வசதியோடும் கிடைக்கும் பெடல், சாதாரணச் செருப்போடும் சைக்கிள் ஓட்டுவதற்கான ஷூவோடும் ஒரே சைக்கிளை ஓட்ட உதவும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ஒரே சைக்கிளால் எட்ட முடியாத எல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள மலைச் சைக்கிளின் வேலையை வேறு எதுவும் செய்யாது. சாலைக்கென வடிவமைத்த ஃபிரேமில் நீண்ட அதிர்வுதாங்கி ஃபோர்க்கைப் பொருத்தினால் முன்பகுதி உயர்ந்து, திரும்பும் தன்மை கெடுவதோடு, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் தாங்கமுடியாத விசையும் விழும். மடித்து ரயிலில் கொண்டுபோகும் சைக்கிள், குழந்தைகளையோ கனமான சரக்கையோ ஏற்றும் நீண்ட சைக்கிள், பிரேக் இல்லாமல் ஓட்டரங்கில் மட்டும் ஓடும் சைக்கிள் ஆகியவையும் அப்படியே. உங்கள் தாளில் இவற்றில் ஒன்று மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இடம்பெற்றிருந்தால் இரண்டாவது சைக்கிளைத் தயங்காமல் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை என்றால் வாடகைக்கு எடுப்பதே முறை.

திருட்டு அச்சம் இன்னொரு நல்ல காரணம். தினமும் பொது இடத்தில் பூட்டி மணிக்கணக்கில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தால், அதற்கென எளிய பழைய சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு நல்லதைக் காப்பாற்றுவது அறிவுடைமை. நான் மனமார ஆதரிக்கும் இரட்டை அமைப்பு இதுதான்.

இரண்டாவதாக எதை எடுத்தாலும் முதலாவதிலிருந்து முடிந்த அளவு தள்ளி இருப்பதாக எடுங்கள். 40 மி.மீ. டயர் சைக்கிள் வைத்திருப்பவர் 32 மி.மீ. டயர் சைக்கிள் ஒன்றை வாங்கினால், எதை எடுப்பது என்று ஒவ்வொரு காலையிலும் யோசிக்க நேருமே தவிர, புதிய பாதை எதுவும் திறக்காது.

சைக்கிள்கள் பெருகினால் பராமரிப்பும் பெருகும் என்பது சொல்லாமலே தெரியும் என்று நினைப்போம். ஆனால் ஓட்டாமல் நிறுத்திவைத்த சைக்கிளும் கெடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டியூப் இல்லாத டயருக்குள் துளைகளை அடைப்பதற்காக ஊற்றும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடுகிறது, காற்று இறங்கிய டயர் தன்மேலேயே மடிந்து வெடிப்பு விடுகிறது, எண்ணெய் வற்றிய செயின் ஈரக்காற்றில் துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு சைக்கிளையும் மாதம் ஒருமுறை காற்றடித்து, செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கும் நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செயின் நீட்சியை அளக்கும் கருவி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். 11, 12 பல்சக்கர அமைப்புகளில் 0.5 சதவீதமும், 8 முதல் 10 வரையுள்ளவற்றில் 0.75 சதவீதமும் நீண்டவுடன் செயினை மாற்றினால் கேசட் நெடுநாள் உழைக்கும்.

இரண்டு சைக்கிள்கள் வந்துவிட்டால், பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள உயரத்தை முதல் சைக்கிளில் அளந்து குறித்து, இரண்டாவதிலும் அதையே வையுங்கள். கிராங்க் எனப்படும் பெடல் தண்டின் நீளம் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஒன்றில் 170, மற்றொன்றில் 175 மி.மீ. என்றால், நீளமான கிராங்க் உள்ளதில் சீட்டை 5 மி.மீ. இறக்குங்கள். எந்தக் கைப்பிடி முன்பிரேக், எது பின்பிரேக் என்பதும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் திடீரென்று குறுக்கே ஒருவர் வரும்போது கை பழக்கத்தின்படியே இயங்கும்.